ஆளுக்கொரு கறுப்பு

கல்முனையிலிருந்து மருதமுனைக்குப் போகும் கடற்கரை வீதியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வாகனங்கள் நின்றுவிடும். விபத்து இல்லை. அமைச்சர் வருகையும் இல்லை. கண்ணூறுக்கு ஓதிப் பார்க்கிற பதியுதீன் பரிகாரியார் திரைக்குப் பின்னால் அமர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

வரிசையைப் பார்க்க வேண்டும். சாய்ந்தமருதின் மீன்காரர்கள், மருதமுனையின் தறிக்காரர்கள், காரைதீவு, பாண்டிருப்பு வேளாண்மைக்காரர்கள், தம்பிலுவிலில் இருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம். இன ஒற்றுமைக் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்துக் கூப்பிட்டால் நாற்காலிகள் மட்டுமே வந்து சேரும். இங்கே நோட்டீஸ் இல்லாமலே எல்லா ஊரும் ஒரே வரிசையில் நின்றது. எல்லார் கையிலும் போன். போனைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். கண்ணூறு பட்டுவிடக் கூடாதல்லவா.

பரிகாரியார் மனிதருக்குப் பார்ப்பதில்லை. போனுக்குப் பார்ப்பார். போனுக்குப் பட்ட கண்ணூறு மனிதரைப் பிடிக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இது மார்க்கத்தில் இல்லாத வேலை என்று பள்ளிவாசலில் மௌலவி குத்பாவில் சொன்னார். சனம் தலையாட்டிக் கேட்டது. தொழுகை முடிந்ததும் இங்கே வந்து வரிசையில் நின்றது.

பரிகாரியாரின் பழைய வரலாறு யாருக்கும் சரியாகத் தெரியாது. கட்டாரில் ஏதோ விளம்பரக் கம்பனியில், இன்ன ஆளுக்கு இன்ன விளம்பரம் என்று பிரித்து அனுப்புகிற வேலையில் இருந்தார் என்று ஒரு பேச்சு. ஊர் அதை வெளிநாட்டில் ஓதிப் படித்தவர் என்று திருத்திக்கொண்டது.

அவருக்குப் பெயர் வந்தது ஒரு தண்ணீர்ப் பம்பினால்.

காரைதீவுப் புண்ணியமூர்த்தி தன் வயலுக்கு ஒரு பம்பு வாங்க நினைத்து போனில் விலை பார்த்தார். விலை கூட. போனை வைத்துவிட்டார். பம்பு அவரை விடவில்லை. செய்தி வாசித்தால் நடுவில் பம்பு. சமையல் குறிப்புக்கும் கீழே பம்பு. சொந்தக்காரர் ஒருவரின் மரண அறிவித்தலைத் திறந்தார். காலமானவரின் படத்துக்கு அடியில் பம்பு, கழிவு விலையில்.

"ஐயா, அது என்னத் தேடிப் பிடிச்சி வருகுது," என்று பரிகாரியாரிடம் நடுங்கினார்.

"ஓம். ஒரு கண் உங்களப் பார்த்துக்கொண்டிரிக்கி," என்றது திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். "வெள்ளைத் திரையில அந்தக் கண்ணுக்கு நல்லாத் தெரியும். கறுப்பாக்கினாத் தெரியா."

ஒரு கண் பார்க்கிறது என்பதில் பொய் இல்லை. விளம்பரக்காரர்களுக்கு அதுதான் தொழில். பாதி உண்மை சொன்னவரிடம் மீதியையும் விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

சிகிச்சை இப்படி. போனைத் திரைக்குக் கீழால் உள்ளே தள்ள வேண்டும். பரிகாரியார் முதலில் அதில் ஒரு பிரவுசர் ஏற்றுவார். ஆளை வேவு பார்க்க விடாத பிரவுசர். அதற்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. ஊர் அதை முக்காட்டுப் பிரவுசர் என்று அழைத்தது. இது உண்மையிலேயே நல்ல சாமான். மூடினால் பார்த்ததெல்லாம் அழிந்துவிடும். புண்ணியமூர்த்தியைத் துரத்திய பம்பு அன்றோடு நின்றது.

அடுத்தது கறுப்பு. அந்தப் பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் செயலி ஒன்றைப் போட்டு, திறக்கிற பக்கங்களை எல்லாம் கறுப்பாக்கித் தருவார். அங்கேதான் அவருடைய ஓதல். எல்லாருக்கும் ஒரே கறுப்பு இல்லை. ஆளுக்கொரு கறுப்பு. ஒருவருக்குக் கொஞ்சம் நீலம் கலந்த கறுப்பு, இன்னொருவருக்குக் காப்பித்தூள் கறுப்பு, வேறொருவருக்கு மழைமேகக் கறுப்பு. "உங்கட கறுப்ப மாத்தக் கூடா. மாத்தினாப் பலிக்கா," என்று எச்சரித்து அனுப்புவார்.

கடைசியாக மனப்பெட்டி. அது இணையத்தில் ஒரு பக்கம். வீட்டுக்குப் போய், அந்தப் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மனக்கவலையை எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. ஊர் எழுதக் கூடாது. எழுதிவிட்டு மூடினால் போதும்.

பிறகு ஒரு நாள் வந்து திரைக்கு முன்னால் கதிரையில் வாய் திறக்காமல் அமர்ந்து, அதே பக்கத்தைத் திறந்து அதிலுள்ள பச்சை வட்டத்தைத் தொட வேண்டும். கொஞ்ச நேரத்தில் குரல் வரும். எழுதிய கவலை வார்த்தை மாறாமல் வரும்.

பரிகாரியார் முகம் பார்ப்பதில்லை. பெயர் கேட்பதில்லை. இருப்பது ஆணா பெண்ணா என்றும் விசாரிப்பதில்லை. கறுப்புத் திரை கூரையிலிருந்து தரை வரை தொங்கும். பெண்கள் கூச்சமில்லாமல் வந்தார்கள், வீட்டு ஆண்களும் தயக்கமில்லாமல் அனுப்பினார்கள். குரல் மட்டும் வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும் அளவுக்கு உரத்து வரும். அதை யாரும் குறையாக எடுக்கவில்லை. அடுத்தவர் கவலையைக் கேட்பதற்காகவே சிலர் வரிசையில் முன்னுக்குப் போகாமல் நின்றார்கள்.

சந்தேகம் வந்தவர்களுக்கு றாஸிக் சேர் இருந்தார். உயர்தர வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். வரிசையில் நின்றபடியே சான்றிதழ் கொடுப்பார்.

"நான் சும்மா நம்புற ஆளில்ல. அந்தப் பிரவுசர நானே சோதிச்ச. மூடினா ஒண்டும் மிஞ்சா. பேர் இல்ல, நம்பர் இல்ல. அதால எழுதினது ஆரெண்டு உலகத்தில ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க ஏலா."

"அப்ப பரிகாரியாருக்கு எப்பிடி சேர் தெரியிற?"

"அதானே அற்புதம்," என்பார் விஞ்ஞான ஆசிரியர்.

*

மருதமுனையில் மஜீட் என்றொருவர். ஒலுவில் துறைமுகத்தில் ஒரு போட் வைத்திருக்கிறார். அவருடைய மனைவி ஹப்ஸா வீட்டில் தறியில் சாரி நெய்கிறாள். நாள் முழுக்க நூலைப் பார்த்த கண்ணுக்கு, போனின் வெள்ளை வெளிச்சம் பட்டால் தலையிடி கிளம்பும். கறுப்புத் திரை என்றதும் அவளுக்கு ஆசை வந்ததில் தவறில்லை. கணவனும் மனைவியும் தத்தம் போன்களுக்குக் கறுப்பு ஓதி வாங்கினார்கள்.

அதே நாட்களில்தான் ஹப்ஸா குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டியைத் தொட்டாள். யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினாள். டொக்டர் அம்மா தடவிப் பார்த்துவிட்டு, ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று இரண்டு வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமைக்கு நாள் கொடுத்தார். வீடு வந்தவள் கணவனிடம் சொல்லப் பயந்து, மனப்பெட்டியில் எழுதினாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை இருவரும் திரைக்கு முன்னால் இருந்தார்கள். ஹப்ஸா பச்சை வட்டத்தைத் தொட்டாள்.

"மகள், உன்ட இடது மார்பில ஒரு கட்டி இரிக்கி," என்றது குரல். வழக்கம்போல வாசல் வரைக்கும் கேட்டது. "ஆஸ்பத்திரியில ஊசி குத்த நாள் தந்திரிக்காங்க. புருசனுக்கு நீ சொல்லல்ல."

தன் மனைவியின் உடம்பில் கட்டி இருப்பதை மஜீட் அறிந்துகொண்டது இப்படித்தான். கூடவே, வாசலில் நின்ற ஊரும் அறிந்துகொண்டது.

"ஊசி படக் கூடா," என்று முடித்தது குரல். "பட்டாப் பரவும். அடுத்த பிறை வரைக்கும் கறுப்ப மட்டும் பாரு. கட்டி கரையும்."

அந்த நிமிடத்திலிருந்து மஜீட்டின் நம்பிக்கையை ஜேசிபி கொண்டு வந்தாலும் அசைக்க முடியாது. தனக்கே தெரியாததைச் சொன்ன மனிதர் ஊசி கூடாது என்றால் கூடாதுதான்.

மஜீட்டின் தங்கை நுஸ்ஹா ஒலுவில் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்தவள். அரசாங்க நியமனம் வரும் வரைக்கும் ஹபாயா தைத்து விற்கிறாள். நியமனம் வருகிற வேகத்தைப் பார்த்தால் ஹபாயாவில் நல்ல எதிர்காலம் இருக்கிறது. விசயம் கேள்விப்பட்டு அவள் வந்தபோது ஹப்ஸா தறியில் இருக்கவில்லை. படுத்திருந்தாள்.

"மதினி, வாற திங்கக்கிழமை ஊசிக்குப் போறல்லயா?"

"உங்கட காக்கா வேணாமெண்டார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

ஹப்ஸா சுவரைப் பார்த்தாள். "எனக்கும் டொக்டருக்கும் மட்டும் தெரிஞ்சது அந்த மனிசனுக்கு எப்பிடித் தெரியும் புள்ள? சொல்லு. நீ படிச்சவதானே."

நுஸ்ஹா தலைமாட்டில் கிடந்த ஹப்ஸாவின் போனை எடுத்தாள். மேசையில் மஜீட்டின் போன். இரண்டிலும் ஒரே செய்திப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஹபாயாத் துணி வாங்கி வாங்கிக் கறுப்பில் கண் பழகியவள். ஒன்று காப்பித்தூள். மற்றது நீலம்.

"மதினி, மனப்பெட்டியில எழுதினீங்களா?"

"ஓம். பேர் எழுதல்ல."

"எந்தப் போனால?"

"இதாலதான். முக்காட்டுப் பிரவுசரால."

நுஸ்ஹா இரண்டு கறுப்புகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையில் அமர்ந்து, படுத்திருந்தவளின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"பெருநாள் கிழமை கல்முனைச் சந்தைக்குப் போறீங்க. எல்லாப் பொம்புளையும் ஒரே கறுப்பு ஹபாயா, முகமும் மூடி. அதுக்குள்ள உங்கள ஆராலயும் பிரிச்சி எடுக்க ஏலுமா?"

"ஏலா."

"போன வருசம் கைக்குச் சிவப்புக் கல் வெச்சித் தைச்சித் தந்தேனே ஒரு ஹபாயா. அதப் போட்டுப் போனா?"

ஹப்ஸாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "ரெண்டு கண்ணும் மட்டும்தான் தெரிஞ்சிச்சி. மீன்காரன் தூரத்தில இருந்து 'மஜீட் காக்காட வீட்டுக்காரி, பாரை மீன் இரிக்கி' எண்டு கூப்புட்டான்."

"அதான். இந்தப் பிரவுசர் செய்யிறது ஒரே வேலை. எல்லாப் போனுக்கும் ஒரே ஹபாயாவப் போடுற. திறக்கிற இணையப் பக்கத்துக்கு எல்லாரும் ஒரே மாதிரித் தெரிவாங்க. இந்த ஆள் அதுக்கு மேல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கல் வெச்சித் தைச்சித் தந்திரிக்கான். அந்தச் செயலி பக்கத்துக்குள்ள பூந்துதான் அதக் கறுப்பாக்குது. அவன்ட பக்கம் திறந்த உடனே, தன்ன எவ்வளவு கறுப்பாக்கியிரிக்கி எண்டு அது அளந்து பார்க்குது. அந்த அளவு ஊருக்குள்ள ஒரே ஒரு போன்லதான் இரிக்கி. எழுதேக்கயும் அதே கறுப்பு. அங்க போய்த் தொடேக்கயும் அதே கறுப்பு. அந்தக் கறுப்போட எழுதினது அவன்ட கைக்கு வருகுது. பேர் எதுக்கு?"

ஹப்ஸா எழுந்து உட்கார்ந்தாள்.

மஜீட் கடலால் வந்ததும் நுஸ்ஹா அதையே அவருக்கும் சொன்னாள். அவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி கேட்டார். கேட்டு முடித்துத் தலையை ஆட்டினார், குறுக்கால்.

"நீ படிச்ச புள்ள, ஒத்துக்கொள்றன். கறுப்பு அளவாம், கல்லாம். அந்த மனிசன் அல்லாஹ்ட பேரச் சொல்லித் தொடங்குறவர்."

"சரி காக்கா. சோதிச்சிப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை நீங்க போய் இரிங்க. நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். உங்கட போன்ல கறுப்பு அளவ மட்டும் நான் மாத்தித் தருவன். நீங்க மனப்பெட்டியில எழுதின கவலைய அவர் சரியாச் சொன்னா நான் வாய மூடுறன். பிழைச்சா, திங்கக்கிழமை மதினியக் கூட்டிப் போகணும்."

"பந்தயமா? வா. பந்தயம்."

"என்ட உடம்ப வெச்சி நீங்க ரெண்டு பேரும் பந்தயம் புடிக்கிறீங்களா?" என்றாள் ஹப்ஸா.

மஜீட் மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிட்டார்.

"நானும் வருவன்," என்றாள் அவள்.

*

கிழமை நடுவில், கூட்டம் குறைந்த நாளில், நுஸ்ஹா தனியாகப் போய் வரிசையில் நின்றாள். தன் போனைத் திரைக்குக் கீழால் தள்ளினாள். கறுப்போடு திரும்பி வந்தது. அவளுக்குக் கிடைத்தது சாம்பல் கலந்த கறுப்பு. வீட்டுக்கு வந்து மனப்பெட்டியில் ஒரு கவலை எழுதினாள். கதையில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. நுஸ்ஹாவுக்குக் கலியாணமே ஆகவில்லை என்பதை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பிறகு அந்தச் செயலியின் உள்ளே போனாள். வெளிச்சம் எவ்வளவு, கடுமை எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று நகர்த்தி மாற்றுகிற மூன்று சின்னக் கோடுகள். பரிகாரியாரின் ஓதல் முழுக்க அந்த மூன்று கோடுகள்தான். தன்னுடைய அளவுகளைப் பார்த்து மஜீட்டின் போனிலும் அப்படியே வைத்தாள். மஜீட்டின் நீலக் கறுப்பு சாம்பல் கறுப்பானது.

வெள்ளிக்கிழமை வந்தது. வீதியில் வாகனங்கள் நின்றன. மஜீட்டின் முறை வந்ததும் கதிரையில் போய் உட்கார்ந்தார். நல்ல உயரம், நெஞ்சு வரைக்கும் தாடி, கையில் போட் எண்ணெய் இன்னும் காயவில்லை. நுஸ்ஹாவும் ஹப்ஸாவும் வாசலில். அவர்களுக்குப் பக்கத்தில் புண்ணியமூர்த்தி, றாஸிக் சேர், பின்னால் ஊர்.

மஜீட் பக்கத்தைத் திறந்தார். பச்சை வட்டத்தைத் தொட்டார். மௌனம். பிறகு குரல், உருகி, கனிந்து, வாசல் தாண்டி வந்தது.

"மகள்..."

மஜீட் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"மகள், உன்ட வயித்தில ஒரு சீவன் இரிக்கி. மூணு மாசம்."

மஜீட் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். வயிறு இருந்தது. ஆனால் அது பல வருடக் கொத்துரொட்டியின் வேலை.

"காலையில எழும்பினாச் சத்தி வருகுது. புளி திங்க ஆசை. மாமிக்கு நீ இன்னும் சொல்லல்ல. பயப்புடாத. ஆண் குழந்தைதான்."

வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மஜீட் விதியைக் காப்பாற்றினார். அவருடைய கழுத்து நரம்பு மட்டும் மெல்லப் புடைத்தது.

"பாரமான சாமான் தூக்காத மகள். கடல் பக்கம் போகவே போகாத."

இதற்கு மேல் விதியைக் காப்பாற்ற ஒரு போட் முதலாளியால் முடியாது.

"அப்ப நாளைக்குப் போட்ட ஆர் பரிகாரியார் கடலுக்குக் கொண்டு போற?" என்றார் மஜீட்.

கரகரத்த அந்தக் குரல் திரைக்குள் போய்ச் சேர்ந்ததும், உள்ளே ஏதோ தட்டுப்பட்டு விழுந்தது. தேநீர்க் கோப்பையாக இருக்கலாம்.

புண்ணியமூர்த்திதான் முதலில் சுதாரித்தார். "மஜீட் தம்பி, சந்தோசம். புளிக்கு ஆசையெண்டாச் சொல்லுங்கோ. எங்கட வளவில மாங்காய் கொட்டிக் கிடக்கு."

"மாமிக்கு நாங்க சொல்லட்டா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஊர் சிரித்தது. ஆனால் ஊர் அவ்வளவு சீக்கிரம் திருந்துவதில்லை. றாஸிக் சேர் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவது போல.

"இரிங்க, இரிங்க. எந்த வைத்தியருக்கும் ஒரு பிழை வரும். ஒரு பிழைய வெச்சி முடிவெடுக்கிறது விஞ்ஞானமில்ல."

"சரி சேர்," என்றாள் நுஸ்ஹா. "உங்கட போனத் தாங்க. மனப்பெட்டியில எழுதியிரிக்கீங்கதானே?"

சேர் கொஞ்சம் தயங்கினார். எழுதியிருந்தார். ஊருக்குக் கேட்கக் கூடிய கவலையா என்று இப்போதுதான் யோசிக்கிறார் போலும். ஆனாலும் கொடுத்தார்.

நுஸ்ஹா எல்லாரும் பார்க்கும்படி போனைப் பிடித்தாள். பரிகாரியார் போட்ட செயலியைப் பிரவுசரிலிருந்து கழற்றினாள். பக்கங்கள் வெள்ளையாயின. பிறகு போனின் சொந்த அமைப்புக்குள் போய், திரையின் நிறங்களை மாற்றிப் போடுகிற பொத்தானைத் தட்டினாள். வெள்ளை எல்லாம் கறுப்பு, கறுப்பு எல்லாம் வெள்ளை. போனின் முகப்பில் இருந்த சேருடைய மனைவியின் படமும் நிறம் மாறி, வெள்ளை உதடும் நீல முகமுமாகப் பார்த்தது.

"அல்லாஹ்வே," என்றார் சேர்.

"படம் அப்பிடித்தான் தெரியும். வாசிக்கிறதுக்கு நல்லது. பாருங்க, கறுப்பாத்தானே இரிக்கி? இப்ப போய்த் தொடுங்க."

சேர் கதிரையில் உட்கார்ந்து பச்சை வட்டத்தைத் தொட்டார். உள்ளே மௌனம். மறுபடி தொட்டார். மறுபடி மௌனம்.

"இந்தப் போன் சுத்தமில்ல," என்றது குரல் கடைசியில். கனிவு போய்விட்டது.

"நேத்துத்தானே நீங்க ரெண்டாம் தரமும் ஓதித் தந்தீங்க," என்றார் சேர்.

"காத்து சரியில்ல."

"ஃபேன் போட்டிரிக்கி," என்றார் புண்ணியமூர்த்தி உதவியாக.

றாஸிக் சேர் கதிரையில் அப்படியே இருந்தார். போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு மறந்துபோன ஏதோ ஒன்று அவர் தலைக்குள் மெல்ல எழும்பி வந்திருக்க வேண்டும்.

"கறுப்பு இன்னும் இரிக்கி," என்றார் தனக்குத்தானே. "செயலி மட்டும்தான் இல்ல. செயலி போன உடனே பேச்சும் போயிட்டு. அப்ப இவ்வளவு நாளும் கதைச்சது..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"எங்கட கோயில்ல திரை திறந்தாத் தீபம் காட்டுவாங்கள்," என்றார் புண்ணியமூர்த்தி. "இஞ்ச என்ன காட்டுறாங்கள் எண்டு பார்ப்பமே."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தத் திரையை இதுவரை யாரும் தொட்டதில்லை. திரை என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. இந்த ஊரில் திரையைத் தூக்குவது சபைக்கு ஆகாத காரியம். பதியுதீன் பரிகாரியார் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்தது அந்த மரியாதைக்குப் பின்னால்தான்.

ஹப்ஸா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திரையின் ஓரத்தைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தாள்.

உள்ளே ஒரு மெத்தைக் கதிரை, கவிழ்ந்த தேநீர்க் கோப்பை, மடியில் ஒரு பெரிய டெப்லெட். பரிகாரியார் டெப்லெட்டைக் கவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அதில் பெரிய எழுத்தில் ஒரே வாசகம்: "மூணு மாசம் முழுகாம இரிக்கன். மாமிக்கு இன்னும் சொல்லல்ல." நுஸ்ஹாவின் சொல், நுஸ்ஹா எழுதியபடியே.

இன்னொன்றையும் ஊர் கவனித்தது. வெள்ளைத் திரையில் கண்ணூறு படும் என்று எல்லாருக்கும் கறுப்பு ஓதிக் கொடுத்தவருடைய திரை பளிச்சென்று வெள்ளையாக எரிந்தது.

"போன கிழமை என்ட கட்டிய நீங்க ஊருக்கே கேக்கச் சொன்னீங்க," என்றாள் ஹப்ஸா. குரல் உயரவில்லை. "அது நான் எழுதினது. எழுதினத வாசிச்சீங்க. சரி. ஊசி குத்தினாப் பரவும் எண்டு சொன்னீங்களே, அத எங்க வாசிச்சீங்க?"

பரிகாரியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய டெப்லெட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

*

அன்று மாலை நுஸ்ஹாவின் தையல் அறை வாசலில் ஒரு வரிசை நின்றது. போனைத் துணியில் சுற்றாமல் வந்தார்கள். அவள் சொன்னது ஒன்றுதான், சளைக்காமல் ஆளாளுக்குச் சொன்னாள்: பிரவுசரோடு ஒட்டுகிற செயலி ஒன்றும் போட வேண்டாம். பிரவுசரின் சொந்தச் சட்டத்தை, மேலே கீழே இருக்கிற பட்டைகளை, கறுப்பாக்கலாம். அது பக்கங்களுக்குத் தெரியாது. பக்கங்களை வெள்ளையாகவே விடுங்கள். "உனக்குக் கறுப்பு விருப்பமா, வெள்ளை விருப்பமா?" என்று பக்கம் கேட்டால், அந்தப் பிரவுசர் எல்லாருக்காகவும் வெள்ளை என்று ஒரே பதில்தான் சொல்லும். சொல்லட்டும். கண் கூசினால் போனின் வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் போனிலேயே நிறத்தைத் திருப்புங்கள். அது கண்ணாடியில் நடக்கிற வேலை, பக்கத்துக்குப் போய்ச் சேராது.

"எனக்கு மட்டும் தனியா ஒரு நல்ல கறுப்பு வெச்சித் தாங்களன் புள்ள," என்று கெஞ்சினார் வரிசையில் நின்ற ஒருவர். நுஸ்ஹா அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை மஜீட் போட்டை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே போகும் முன் ஹப்ஸா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு முதலே சொல்லியிரிக்கலாமே ஹப்ஸா," என்றார் அவர்.

"நீங்க பயப்புடுவீங்க எண்டுதான்."

"பயந்துதான் போனன்."

"தெரியும். மூணு மாசமாச் சத்தி வேற," என்றாள் ஹப்ஸா. உள்ளே போனாள்.

சோதனையின் முடிவு வந்தது. அது கெட்ட கட்டிதான். ஆனால் சின்னது, பரவவில்லை. அறுவைக்கு நாள் கொடுத்துவிட்டு, டொக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நேரத்துக்கு வந்தீங்க. சில பேர் கரையுமெண்டு பார்த்துக்கொண்டிருந்திட்டு வருவாங்க," என்றார். மஜீட் தரையைப் பார்த்தார்.

பதியுதீன் பரிகாரியார் ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. அவருடைய வீட்டுக்கு முன்னால் வெள்ளிக்கிழமைகளில் இப்போது பஸ் தடங்கலில்லாமல் போகிறது.

இந்தச் செய்தியால் மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று எழுதத்தான் ஆசை. சாய்ந்தமருதில் ஒருவர் வை-பை பெட்டிக்கு நூல் ஓதிக் கட்டுகிறாராம். வீதி இப்போது அந்தப் பக்கம் அடைபடுகிறது. நீங்களும் அங்கே போகிறீர்களா என்று புண்ணியமூர்த்தியிடம் கேட்டேன். "சும்மா பார்த்திட்டு வரத்தான்," என்றார்.

போகிறவர்கள் போகட்டும். கதிரையில் உட்கார்ந்ததும் ஒருவர் உங்கள் இரகசியத்தைச் சொன்னால், அண்ணாந்து கூரையைப் பார்க்காதீர்கள். அதை யாரிடம் எழுதிக் கொடுத்தீர்கள் என்று குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். திரையைக் கறுப்பாக்குவதற்குப் பொத்தான் இருக்கிறது. மூளையை வெளிச்சமாக்கும் பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும்.